பதினோராம் தேதி வரைக்கும்

அரசு மருத்துவமனையின் பழைய லிப்டில் முப்பத்திரண்டு வருஷம் ஏறி இறங்கியவருக்கு ‘இடமிருக்கு’ என்று பெயர் வைத்தது யார் என்று இன்றுவரை யாருக்கும் தெரியாது. வைத்தவர் சரியாகத்தான் வைத்திருந்தார். பதின்மூன்று பேர் என்று தகட்டில் எழுதியிருந்த லிப்டில் பதினாறாவது ஆள் ஓடி வந்தாலும், “வாங்க வாங்க, இடம் இருக்கு” என்று கம்பிக் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். உள்ளே இருப்பவர்கள் மூச்சை அடக்கிக்கொண்டு முறைப்பார்கள். அவர் கண்டுகொள்ள மாட்டார். ஓடி வருகிறவர் கையில் ரத்தப் பை இருக்கலாம், சாப்பாட்டு டப்பா இருக்கலாம், ஒன்றுமே இல்லாமல் முகத்தில் பயம் மட்டும் இருக்கலாம். எல்லாருக்கும் அங்கே இடம் இருந்தது.

அந்த வாய்க்கு ‘இல்லை’ என்றோ ‘போதாது’ என்றோ சொல்லிப் பழக்கமே கிடையாது. கேன்டீனில் அரை டம்ளர் டீயை ஊற்றிவிட்டு “போதுமாண்ணே?” என்றால், “போதும்மா” என்பார். இந்த வருஷம் ஆளுக்கு ஒரு காக்கிச் சட்டைதான் என்று ஸ்டோர்காரர் கையை விரித்தபோதும், “ஒண்ணு போதுங்க” என்றார். மழைக்காலம் முழுக்க அந்த ஒரு சட்டையைத் துவைத்து, லிப்ட் மோட்டார் அறையின் சூட்டில் காயப்போட்டு மாட்டிக்கொண்டார். “உங்களை ஏமாத்தறவங்களுக்கு ஒரு சிரமமும் வேண்டாம். நீங்களே கூட நின்னு கை கொடுப்பீங்க” என்று அவர் மனைவி சொல்வதுண்டு.

ஓய்வுபெற்று நாலு வருஷம் கழித்து, அந்த வாய்தான் மருத்துவமனை ஊழியர்கள் ஆயிரத்து இருநூறு பேரைத் தூங்கவிடாமல் செய்துகொண்டிருந்தது.

விஷயம் இதுதான். அரசாங்கம் ஒரு குழு போட்டிருந்தது. பங்களிப்பு ஓய்வூதியம் வாங்குகிற கடைநிலை ஊழியர்களுக்கு அந்தப் பணம் பிழைக்கப் போதுமா என்று அவர்களையே நேரில் கூப்பிட்டுக் கேட்கப்போகிறார்களாம். போதாது என்று குழு எழுதினால், யாருடைய ஓய்வூதியமும் இதற்குக் கீழே போகக்கூடாது என்று ஒரு குறைந்தபட்சத் தொகை வரலாம். போதும் என்று எழுதினால் அத்தோடு கோப்பைக் கட்டி அலமாரியில் வைத்துவிடுவார்கள். ஒவ்வொரு துறையிலிருந்தும் ஒரே ஒருவர்தான் பேசலாம். மருத்துவமனை ஊழியர்கள் சங்கத்தில் யாருக்கு மிகக் குறைவாக ஓய்வூதியம் வருகிறது என்று தேடிப் பார்த்தார்கள். விடை ‘இடமிருக்கு’ என்று வந்தது. சங்கத்தில் பாதிப் பேர் அன்றைக்கே நம்பிக்கை இழந்துவிட்டார்கள்.

அவருக்கு ஏன் அவ்வளவு குறைவு என்பதில் ரகசியம் ஒன்றும் இல்லை. சம்பளத்தில் மாதா மாதம் பத்தில் ஒரு பங்கைப் பிடிப்பார்கள். அரசாங்கம் தன் பங்கைப் போடும். சேர்ந்தது வளரும். ஓய்வுபெறும் நாளில் ஒரு பகுதியைக் கையில் கொடுத்துவிட்டு, மீதியை மாதாந்திர ஓய்வூதியமாக மாற்றிவிடுவார்கள். டாக்டருக்கும் அதே பத்தில் ஒன்று, லிப்ட்காரருக்கும் அதே பத்தில் ஒன்று. ஆனால் எதன் பத்தில் ஒன்று என்று ஒன்று இருக்கிறதே. போதாக்குறைக்கு, முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் பதினெட்டு வருஷம் அவர் தினக்கூலி. தினக்கூலிக்குப் பிடித்தமும் கிடையாது, பங்கும் கிடையாது. நாற்பத்தாறாவது வயதில் நிரந்தரமான பிறகு பதினாலு வருஷம் சேர்ந்ததுதான் அவருடைய மொத்தச் சேமிப்பு. கையில் வந்த பகுதி மகள் கல்யாணக் கடனுக்குப் போய்விட்டது.

சங்கச் செயலாளர் எக்ஸ்ரே பிரிவின் இருட்டறையில் இருபத்தைந்து வருஷம் படம் கழுவியவர். அதனால் எல்லாருக்கும் அவர் ‘இருட்டறை’. அத்தனை வருஷம் இருட்டில் வாயைத் திறக்காமல் இருந்ததற்கு வட்டியும் முதலுமாக இப்போது வெளிச்சத்தில் பேசிக்கொண்டிருந்தார். விசாரணைக்குப் பத்து நாள் முன்பே லிப்ட்காரரைச் சங்க அறைக்கு வரச்சொல்லி ஒத்திகை ஆரம்பித்தார். சங்க அறை என்பது பழைய சைக்கிள் ஷெட். மழை பெய்தால் தலைவர் நாற்காலியை மட்டும் நகர்த்துவார்கள்.

“அண்ணே, நான்தான் குழுத் தலைவர்னு வச்சுக்கங்க. கேக்கறேன். உங்களுக்கு வர்ற ஓய்வூதியம் போதுமா?”

“ஏதோ போதுது தம்பி.”

இருட்டறை தலையில் அடித்துக்கொண்டார். “ஏண்ணே, நேத்து என்ன சொல்லிக் குடுத்தேன்?”

“போதாதுன்னு சொல்லணும்.”

“அப்ப சொல்லுங்க.”

“அது இல்ல தம்பி. நீ கேக்கும்போது உன் மூஞ்சி ரொம்ப வருத்தமா இருக்கு. சங்கடப்படுத்த வேண்டாமேன்னு தோணிடுச்சு.”

இரண்டாவது முறை இருட்டறை முகத்தைக் கடுகடுவென்று வைத்துக்கொண்டு கேட்டார். அப்போதும் போதும் என்றார். மூன்றாவது முறை முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்த்துக் கேட்டார். “போதா...” வரைக்கும் வந்தது. பிறகு இருமல் வந்துவிட்டது.

“அண்ணே, வார்டு ஆயாக்களை நினைச்சுக்கங்க. வாட்ச்மேனை நினைச்சுக்கங்க. ஆயிரத்து இருநூறு பேரு உங்க வாயைத்தான் பாத்துக்கிட்டு இருக்காங்க.”

“அதுதான் தம்பி பயமா இருக்கு” என்றார் லிப்ட்காரர்.

அவருக்கு உண்மையிலேயே சங்கடம்தான். இருட்டறைக்குப் புரியாத ஒன்று அவருக்குள் இருந்தது. அவருடைய அப்பா கிடங்கில் மூட்டை தூக்கியவர். அறுபத்தெட்டு வயதில், தூக்கிய மூட்டையை இறக்கி வைத்துவிட்டு அதன்மேலேயே சாய்ந்து கண்ணை மூடினார். அவருக்கு ஒன்றாம் தேதி என்று ஒன்று இருந்ததே இல்லை. மகனுக்கோ, வேலை செய்யாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும்போதே மாதத்தின் முதல் நாள் கைபேசி ‘டிங்’ என்கிறது. எவ்வளவு என்பதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். முதலில் யாரோ தன்னை மறக்காமல் இருக்கிறார்கள் என்கிற நிறைவு. ஒவ்வொரு மாதமும் அந்தச் சத்தத்தைக் கேட்டதும் அவர் எழுந்து நின்றுவிடுவார். தன் அப்பாவுக்குக் கிடைக்காதது தனக்குக் கிடைக்கும்போது, அதைப் போய்ப் போதாது என்று சொல்வது நன்றிகெட்டதனமாகத் தோன்றியது.

விசாரணைக்கு நாலு நாள் முன்னால், மருந்துச் செலவின் ரசீதுகளைக் கொண்டுவரச் சொல்லி இருட்டறை அனுப்பினார். இருவருக்கும் எழுதிக்கொடுத்திருந்தவை மருத்துவமனையில் இலவசமாகக் கிடைக்காத மாத்திரைகள். தெருமுனை மருந்துக்கடைக்காரர் கணினியில் தட்டிப் பார்த்து, அவருடைய மாத்திரைகளின் ரசீதுகளை வரிசையாக எடுத்துக் கொடுத்தார்.

“வீட்டம்மாவோடதும் குடுங்க. பிரஷர் மாத்திரை.”

மருந்துக்கடைக்காரர் திரையைப் பார்த்தார். “அம்மாவோடது இந்த மாசம் இல்லையே. போன மாசமும் இல்ல. வேற கடையில வாங்கறீங்களோ?”

லிப்ட்காரர் “ஆமா, ஆமா” என்று சொல்லிவிட்டு வந்துவிட்டார். வீடு வந்து சேரும் வரைக்கும் எங்கும் நிற்காமல் நடந்தார்.

வீடு என்றால் முன்னறை, பின்னறை, நடுவில் ஒரு திரை. முன்னறை ஜன்னலோரம் தையல் இயந்திரம். அக்கம்பக்கத்தில் அவர் மனைவிக்குத் தையல்காரம்மா என்றுதான் பெயர். பள்ளிச் சீருடை, தலையணை உறை, திரைச்சீலை என்று எது வந்தாலும் தைப்பார். அளவு விஷயத்தில் மட்டும் யாரிடமும் விட்டுக்கொடுக்க மாட்டார். பிள்ளையைக் கூட்டிவராமல் “போன வருஷ அளவே போதும்” என்று சொல்லும் தாய்மார்களைத் திருப்பி அனுப்பிவிடுவார். “தப்பா எழுதின அளவுல நான் எப்படித் தைச்சாலும் தப்பாத்தான் வரும். போய்ப் பிள்ளையைக் கூட்டிட்டு வாங்க” என்பார்.

லிப்ட்காரர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றார். “நீ மாத்திரை போடறியா இல்லையா?”

இயந்திரம் நின்றது. தையல்காரம்மா ஊசியிலிருந்து நூலை அறுத்தார். “போடறேனே.”

“கடையில ரெண்டு மாசமா வாங்கலைன்னு சொல்றாங்க.”

“ஒருநாள் விட்டு ஒருநாள் போட்டுக்கறேன். முப்பது மாத்திரை ரெண்டு மாசத்துக்கு வருது. அதுக்குப் போய் ஏன் மூஞ்சியை இப்படி வச்சுக்கிட்டு நிக்கறீங்க? எனக்கு ஒண்ணும் செய்யல. அது போதும்.”

அந்த ‘போதும்’ யாருடையது என்று அவருக்குத் தெரிந்தது. முப்பத்தெட்டு வருஷம் ஒரே வீட்டில் இருந்ததில் ஒட்டிக்கொண்டது. தன் வாயிலிருந்து வரும்போது அது எவ்வளவு நல்ல சொல்லாக இருந்தது. மனைவி வாயிலிருந்து கேட்டபோது அவருக்குத் தூக்கிவாரிப் போட்டது.

தையல்காரம்மாவே பேச்சை முடித்தார். “இங்க பாருங்க. அந்தக் குழு முன்னாடி போய் நம்ம வீட்டுச் சங்கதியை எல்லாம் விரிச்சு வைக்காதீங்க. நான் கைத்தொழில் தெரிஞ்சவ. என் மாத்திரையை வச்சு யாரும் ‘ஐயோ பாவம்’னு சொல்ல வேண்டாம். நீங்க உளறாம இருக்கீங்களான்னு பாக்க நானும் வர்றேன்.”

பதினாலாம் தேதி காலையில் இரண்டு பேரும் கிளம்பினார்கள். விசாரணை ஒரு பெரிய அலுவலகக் கட்டடத்தின் ஆறாவது மாடியில். அங்கே லிப்டில் ஆள் இல்லை. பொத்தானை அழுத்தினால் கதவு தானே திறந்து தானே மூடியது. யாரோ ஒருவர் ஓடி வந்தார். கதவு அவர் முகத்துக்கு நேராக மூடிக்கொண்டு போயிற்று. லிப்ட்காரர் கையை நீட்டியது நீட்டியபடி நின்றார்.

“விடுங்க, அவர் அடுத்ததுல வருவாரு” என்றார் தையல்காரம்மா.

கூடத்தில் நீள மேசைக்குப் பின்னால் மூன்று பேர். நடுவில் தலைவரம்மா, நரைத்த முடி, கனத்த கண்ணாடி. வலதுபக்கம் நிதித்துறை அதிகாரி, கையில் பேனா. இடதுபக்கம் குறிப்பெழுதும் பெண். எதிரே நாற்காலி வரிசைகள். இருட்டறை முதல் வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார். தையல்காரம்மா கடைசி வரிசைக்குப் போய்விட்டார்.

போக்குவரத்துத் துறைக்காரர் பேசினார், அச்சடித்த தாள்கள் கொடுத்தார். பள்ளிக் காவலாளி ஒருவர் பேசினார், பாதியில் அழுதுவிட்டார். பிறகு மருத்துவமனை என்று கூப்பிட்டார்கள். லிப்ட்காரர் எழுந்துபோய் ஒலிவாங்கிக்கு முன்னால் நின்றார்.

“உக்காருங்க ஐயா” என்றார் தலைவரம்மா.

“பரவாயில்லம்மா. நின்னே பழகிடுச்சு.”

“உங்க ஓய்வூதியத் தொகை எங்ககிட்ட இருக்கு. அதைச் சொல்ல வேண்டாம். ஒண்ணுதான் கேக்கறேன். உங்களுக்கு அது போதுதா?”

அந்த அம்மாள் கேட்ட விதத்தில் அதட்டல் இல்லை, அவசரம் இல்லை. வயதில் பெரியவர், தன்னிடம் மரியாதையாகக் கேட்கிறார். லிப்ட்காரரின் வாய் தன் முப்பத்திரண்டு வருஷப் பழக்கத்தைக் காட்டிவிட்டது.

“போதும்மா.”

முதல் வரிசையில் இருட்டறையின் முகத்தில் ஈயாடவில்லை. நிதித்துறை அதிகாரி நிம்மதியாக ஒரு வரி எழுதினார். காலையிலிருந்து அவருக்குக் கிடைத்த முதல் நல்ல செய்தி. தலைவரம்மா மட்டும் தாளைப் புரட்டி அந்தத் தொகையை இன்னொரு தடவை பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றினார்.

“எனக்கு ஒரு சந்தேகம் ஐயா. இந்தத் தொகை எப்படிப் போதுது? எனக்குப் புரியற மாதிரி சொல்லுங்க.”

“அது என் சாமர்த்தியம் இல்லம்மா. நிறையப் பேருக்கு நான் நன்றி சொல்லணும்.”

“சொல்லுங்க. நேரம் இருக்கு.”

நன்றி சொல்வதென்றால் அவருக்குக் கொண்டாட்டம். தோள் தளர்ந்தது, குரல் இயல்பாயிற்று. மருத்துவமனையில் கம்பிக் கதவுக்குப் பக்கத்தில் நின்று பேசுவதுபோலவே பேச ஆரம்பித்தார்.

“முதல்ல வீட்டுக்காரருக்குச் சொல்லணும். நாலு வருஷமா வாடகையை ஏத்தல. அவங்கம்மாவை ஸ்ட்ரெச்சர்ல கொண்டாந்தப்போ லிப்டைப் பிடிச்சு வச்சிருந்தேனாம். எனக்கு ஞாபகமே இல்ல. அவரு மறக்கல. அப்புறம் மாப்பிள்ளை. கரன்ட் பில்லு அவருதான் கட்டறாரு. அவருக்கே ரெண்டு பிள்ளைங்க, வாடகை வீடு. ஒரு நாள்கூட முகம் சுளிச்சதில்ல. காய்கறிக் கடைக்காரம்மா சாயங்காலம் மிஞ்சினதை எடுத்து வச்சிருப்பாங்க. பழைய வார்டு ஆயா ஒருத்தங்க பிரஷர் பாக்கற மெஷினை எடுத்துட்டு மாசம் ஒருதரம் வீட்டுக்கே வந்து பாத்துட்டுப் போறாங்க. அவங்களும் ஓய்வுதான். பஸ்ஸுக்கு அவங்க காசு. முடிவெட்டறவரு என்கிட்ட காசே வாங்கறதில்ல. ‘உங்க தலையில என்ன இருக்கு வெட்டறதுக்கு’ங்கறாரு.”

கூடத்தில் சிரிப்பு எழுந்தது. லிப்ட்காரரும் சிரித்தார். நிதித்துறை அதிகாரி சிரிக்கவில்லை. தாளின் ஓரத்தில் ஒவ்வொன்றாகக் குறித்துக்கொண்டே வந்தவருடைய பேனா இப்போது மெதுவாகப் போயிற்று.

“இவங்க யாரும் இல்லாம, ஓய்வூதியத்தை மட்டும் வச்சு எத்தனை நாள் ஓடும்?” என்று தலைவரம்மா கேட்டார்.

“பதினோராம் தேதி வரைக்கும் வரும்மா” என்றார் லிப்ட்காரர், அதையும் ஒரு நல்ல சேதியாகவே. “சிக்கனமா இருந்தா பன்னிரண்டு.”

“இன்னைக்குத் தேதி பதினாலு.”

“ஆமாம்மா.”

தலைவரம்மா எதையோ எழுதிவிட்டு நிமிர்ந்தார். “முடிஞ்சுதா ஐயா? இன்னும் யாராவது இருக்காங்களா நன்றி சொல்ல?”

லிப்ட்காரர் கடைசி வரிசையைப் பார்த்தார். தையல்காரம்மா தலையை லேசாக, மிக லேசாக, இடமும் வலமும் ஆட்டினார். வேண்டாம் என்று அர்த்தம். முப்பத்தெட்டு வருஷத்தில் அந்தத் தலையாட்டலை அவர் மீறியதில்லை. மீறவும் கூடாதுதான். ஆனால் மனசு கேட்கவில்லை. காய்கறிக் கடைக்கு நன்றி சொல்லியாயிற்று, முடிவெட்டுகிறவருக்குக்கூடச் சொல்லியாயிற்று. உண்மையாகவே இந்தக் குடும்பத்தை இழுத்துக்கொண்டு போகிறவரை மட்டும் விட்டுவிட்டு எப்படிப் போய் உட்காருவது?

“ஒருத்தங்க இருக்காங்கம்மா. அவங்க சொல்ல வேண்டாம்னுதான் சொல்லியிருக்காங்க. வீட்டுக்குப் போனதும் எனக்கு இருக்கு.” கடைசி வரிசையிலிருந்து பார்வையை எடுத்துக்கொண்டார். “என் வீட்டுக்காரம்மா. பன்னிரண்டாம் தேதிக்கு மேல அவங்க தையல் மெஷின்லதான் எங்க வீடு ஓடுது. அவங்களுக்கு பிரஷர். தினம் ஒரு மாத்திரை போடணும். என் மாத்திரை டப்பா ஒரு நாளும் காலியானதில்ல. ஏன்னு நான் கேட்டதே இல்ல. நாலு நாள் முன்னாடிதான் தெரியும், அவங்க ஒருநாள் விட்டு ஒருநாள்தான் போட்டுக்கறாங்கன்னு. அவங்களுக்கு இத்தனை நாளா நான் நன்றி சொல்லல. அதான் இப்ப சொல்றேன்.”

குறிப்பெழுதும் பெண் எழுதுவதை நிறுத்திவிட்டு அவரையே பார்த்தாள். லிப்ட்காரருக்கு இன்னும் கொஞ்சம் பேசத் தோன்றியது. தனக்குத் தெரிந்த ஒரே விஷயத்தைப் பேசினார்.

“எங்க லிப்டுல இடம் இருக்குன்னு எல்லாரையும் நான் ஏத்திக்குவேன். பாரம் கூடினா ஒரு மணி அடிக்கும்மா. மணி நிக்கற வரைக்கும் லிப்ட் நகராது. யாராவது ஒருத்தர் இறங்கணும். எப்பவும் அதே ஆளுங்கதான் இறங்குவாங்க. துடைப்பத்தோட வந்த ஆயா, அழுக்குத் துணி மூட்டையோட வந்தவங்க. அவங்க படியேறி வருவாங்க. உள்ள இருக்கறவங்க சௌகரியமா மேல போய்ச் சேந்துருவாங்க. நானும் லிப்ட் நல்லாத்தான் ஓடுதுன்னு சொல்லிக்கிட்டு இருந்தேன். முப்பத்திரண்டு வருஷமா சொன்னேன்.” சற்று நின்றார். “இப்ப வீட்டுலயும் அதையேதான் சொல்லிக்கிட்டு இருந்திருக்கேன்.”

அப்போது கடைசி வரிசையில் நாற்காலி நகரும் சத்தம் கேட்டது.

தையல்காரம்மா எழுந்து நின்றார். கோபத்தில் முகம் சிவந்திருந்தது. இருட்டறை பதறிப்போய் எழுந்து, “அம்மா, ஒரு துறைக்கு ஒருத்தர்தான்...” என்று ஆரம்பித்தார். தலைவரம்மா கையமர்த்தினார்.

“நான் பேச வரலீங்க” என்றார் தையல்காரம்மா. ஒலிவாங்கி இல்லாமலே அவர் குரல் மேசை வரைக்கும் போயிற்று. “அவரு தப்பாச் சொல்றாரு. அதைத் திருத்தணும்.”

“எது தப்பும்மா?”

“ஒருநாள் விட்டு ஒருநாள் இல்லீங்க. மூணு நாளைக்கு ஒண்ணு. அவருகிட்ட நான் குறைச்சுச் சொன்னேன். போன வருஷத்துலேருந்து அப்படித்தான். எழுதறதுன்னு எழுதினா அளவைச் சரியா எழுதிக்கங்க.”

சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். குறிப்பெழுதும் பெண் ஒரு வரியை அடித்துவிட்டு மேலே திருத்தி எழுதினாள்.

லிப்ட்காரர் ஒலிவாங்கியின் கம்பத்தைக் கதவுக் கம்பிபோல இறுக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். நிதித்துறை அதிகாரி தொண்டையைச் செருமினார். தாளின் முதல் வரிக்குப் பக்கத்தில் பேனாவை வைத்துக்கொண்டு, கொஞ்சம் தயக்கத்தோடு கேட்டார்.

“ஐயா, ஆரம்பத்துல போதும்னு சொன்னீங்க. அதை அப்படியே வச்சுக்கவா?”

லிப்ட்காரருக்கு அப்பாவின் ஞாபகம் வந்தது, மூட்டைமேல் சாய்ந்திருந்த முகம். அந்த முகம் தன்னைக் கோபித்துக்கொள்ளும் என்று இத்தனை நாள் பயந்திருந்தார். இப்போது அப்படித் தோன்றவில்லை.

“இல்லீங்க” என்றார். “போதல. மாசம் தவறாம குடுக்கறீங்க, அதுக்கு நன்றி. அதையும் எழுதிக்கங்க. ஆனா போதலீங்க.”

இருமல் வரவில்லை. இருட்டறை முதல் வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு கைக்குட்டையைத் தேடினார்.

அறிக்கை ஆறு மாதத்தில் வரும் என்றார்கள். அரசாங்கத்தின் ஆறு மாதம் எவ்வளவு நீளம் என்று எல்லாருக்கும் தெரியும். வாசலில் ஒரு எழுத்தர் மேசை போட்டு, பேச வந்தவர்களுக்குப் பயணப்படி என்று ஒரு உறை கொடுத்து, கையெழுத்து வாங்கிக்கொண்டிருந்தார். போக ஒன்று, வர ஒன்று என்று இரண்டு பஸ் கட்டணமும், மதியச் சாப்பாட்டுக்குக் கொஞ்சமும். லிப்ட்காரர் கையெழுத்துப் போட்டார். பழக்கம் போல எண்ணாமல் பையில் வைக்கப் போனார். தையல்காரம்மா வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, சரியாக இருக்கிறது என்று திருப்பிக் கொடுத்தார்.

வெளியே வெயில் ஏறியிருந்தது. கொஞ்ச தூரம் இரண்டு பேரும் நடந்தார்கள். வீட்டுக்குப் போனதும் கிடைக்கப் போகும் வசவை இங்கேயே வாங்கிக்கொண்டால் நல்லது என்று லிப்ட்காரர் காத்திருந்தார். வரவில்லை.

“கோபமா?” என்று அவரே கேட்டார்.

“இருக்கு.” இன்னும் நாலு அடி நடந்தார்கள். “முடிவெட்டறவருக்கு அப்புறம்தான் என் ஞாபகம் வந்துது உங்களுக்கு.”

லிப்ட்காரர் சிரித்துவிட்டார். கண்ணில் தண்ணீரும் வந்துவிட்டது. எதற்கென்று பிரித்துச் சொல்ல அவருக்குத் தெரியவில்லை. வாடகை ஏற்றாத வீட்டுக்காரர், முகம் சுளிக்காத மாப்பிள்ளை, பஸ் ஏறி வரும் ஆயா, இருட்டறை, கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் கேட்ட அந்த அம்மாள் எல்லாரும் ஒரே நேரத்தில் நெஞ்சில் வந்து நின்றார்கள். தனக்கு எவ்வளவு வாய்த்திருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பக்கத்தில் நடந்து வருகிறவரைத் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை.

“அந்த உறையில இருக்கற காசுக்கு ஒரு மாத்திரை அட்டை வருங்க” என்றார் தையல்காரம்மா, ரோட்டைப் பார்த்துக்கொண்டே. “எனக்கு வாங்கிக் குடுங்க.”

அவர் தனக்கென்று எதையாவது வாய்விட்டுக் கேட்டது லிப்ட்காரருக்கு ஞாபகத்தில் இல்லை. சட்டென்று நின்றுவிட்டார். பையைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

“வாங்கிடலாம். ஆனா பஸ்ஸுக்கு இருக்காது. நடந்துதான் போகணும்.”

“நடக்கலாம்” என்றார் தையல்காரம்மா. “முதல்ல கடைக்குப் போயிட்டு, ஒரு மாத்திரையைப் போட்டுக்கிட்டு நடக்கலாம்.”